நாலு வசனம், ஐந்து சரி

ஐந்தாம் வகுப்பில் எனக்குக் கணக்கு நன்றாக வரும், மகிழ்ச்சி வராது. துக்கம், பயம், கோபம் ஒன்றுமே வராது. வீட்டில் இவையெல்லாம் தாராளமாக வந்துகொண்டுதான் இருந்தன, எழுதுகிற கொப்பியில்தான் வர மறுத்தன.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு எங்களைத் தயார்ப்படுத்திய ரீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நியமனம் பெற்று எங்கள் ஊர் ஸ்கந்தபுரத்துக்கு வந்தவர். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தார். காலையில் முதற்பாடம் வசனக் கணக்கு. மத்தியானம் கடைசிப் பாடம் உணர்வு எழுதுதல். இரண்டுக்கும் தனித்தனிக் கொப்பி. உணர்வுக் கொப்பியில் ஒவ்வொரு உணர்வுக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கி, மேலே சிவப்பு மையில் அதன் பெயரை எழுதச் சொன்னார். பந்திக்கு ஐந்து வசனம். நல்ல வசனத்தின் ஓரத்தில் ஒரு சரி போடுவார், ஒரு சரிக்கு ஒரு புள்ளி.

வசனக் கணக்கில் வரும் மனிதர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். எட்டுப் பேர் ஒரு மதிலை ஆறு நாளில் கட்டுவார்கள். அவர்கள் சாப்பிடுவதில்லை, தண்ணீர் கேட்பதில்லை, ஒருவரோடு ஒருவர் கொளுவிச் சண்டை போடுவதில்லை. எட்டுப் பேரும் ஒரே அளவு வேலை செய்துவிட்டு விடையைத் தந்துவிட்டுப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட ஆட்களோடு புழங்கிய எனக்கு உணர்வுப் பாடம் வேப்பங்காயாகக் கசந்ததில் வியப்பில்லை. தைப்பொங்கலைப் பற்றி எழுதும்போது “நான் அளவற்ற மகிழ்ச்சி அடைந்தேன், துள்ளிக் குதித்தேன்” என்று எழுதினேன். ரீச்சர் ஓரத்தில், “எவ்வளவு உயரம்?” என்று கேட்டிருந்தார். நான் அதற்குக் கீழே “ஒரு அடி” என்று எழுதிக் கொடுத்தேன்.

அதைப் பார்த்து மேசையில் தலையை வைத்துச் சிரித்துவிட்டு, வகுப்புக்கே ஒரு சட்டம் போட்டார்.

“இனிமேல் உணர்வின்ர பேர் வசனத்துக்குள்ள வரக்கூடாது. ஆர் என்ன செய்தவை, கை என்ன செய்தது, முகம் என்ன செய்தது எண்டு பாத்து எழுதுங்கோ. வாசிக்கிற ஆளுக்குத் தானா விளங்கும்.”

அன்றிலிருந்து நான் வீட்டாரை உளவு பார்க்கத் தொடங்கினேன். அம்மாவின் கோபம் சுலபம், அவரது கை அகப்பையைத் தேடும். பயமும் அவரிடமே கிடைத்தது, வானம் இருண்டால் கொடியில் கிடக்கும் உடுப்பைவிட முதலில் என்னைத்தான் உள்ளே இழுப்பார். அப்பாவிடம்தான் ஒன்றும் தேறவில்லை. பொங்கலுக்கும் அதே முகம், மாடு வேலி பாய்ந்தாலும் அதே முகம். அவரைப் பார்த்து எழுதினால் எல்லா உணர்வுக்கும் ஒரே பந்திதான் வந்திருக்கும். மற்றப் பிள்ளைகளின் அப்பாமார் வாய்விட்டுச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி உள்ளவர்கள், எங்கள் அப்பா ஒழுங்கான ஆள் என்று எண்ணிக்கொள்வேன்.

அது போர் முடிந்து நாங்கள் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய மூன்றாவது வருடம். குளத்துக்குக் கீழே இருந்த எங்கள் வயலுக்கு இன்னும் போக முடியாது, மிதிவெடி எடுப்பவர்கள் சிவப்புத் தடி நட்டு வைத்திருந்தார்கள். அதனால் வீட்டோடு இருந்த அரை ஏக்கர் மேட்டுக்காணியில் அப்பா கச்சான் போட்டிருந்தார். கச்சான் என்பது நிலக்கடலைதான். அந்த வருடம் எங்கள் குடும்பம் முழுதாக நம்பியிருந்தது அந்த அரை ஏக்கரைத்தான். விற்பதும் அதில்தான், அடுத்த போகத்துக்கு விதை எடுப்பதும் அதில்தான்.

தை மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலை, வானொலியில் மறுநாள் பின்னேரத்திலிருந்து கனமழை என்றார்கள். கச்சான் நன்றாக முற்றியிருந்தது. முற்றிய கச்சான் மண்ணுக்குள் நனைந்தால் இரண்டொரு நாளில் முளைத்துவிடும், பிறகு மாட்டுக்குத்தான் போட வேண்டும். அப்பா தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

“ஆறு பேர் கிடைச்சா ரெண்டு நாளில பிடுங்கிப் போடலாம். ஆறு பேருக்கு இப்ப எங்க போறது? எல்லாரும் அருவி வெட்டில நிக்கினம்” என்று அம்மாவிடம் சொன்னார். நெல் அறுவடைக் காலத்தில் எங்கள் பக்கம் கூலிக்கு ஆள் பிடிப்பது குதிரைக்கொம்பு.

“நாங்கள் ரெண்டு பேரும் பிடுங்குவம்” என்றார் அம்மா.

“ரெண்டு பேருக்கு ஆறு நாள் செல்லும், அம்மா” என்றேன் நான் குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்து. சரியான விடை சொன்னதற்கு ஒருவரும் என்னைப் பாராட்டவில்லை. அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆள் தேடிப் போனார்.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கணக்கு எனக்குள் உருண்டுகொண்டிருந்தது. ஆறு பேருக்கு இரண்டு நாள். பன்னிரண்டு பேருக்கு ஒரு நாள். வகுப்புக்குள் நுழைந்து மர வாங்குகளில் இருந்தவர்களைப் பார்த்ததும் எனக்கு உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. என்னோடு சேர்த்து எங்கள் வகுப்பில் இருபத்து நான்கு பேர். இருபத்து நான்கு பேருக்கு அரை நாள்!

ஒரேயொரு சந்தேகம் இருந்தது. எழுந்து கேட்டேன்.

“ரீச்சர், கணக்கில வாற ஆக்களுக்கு எத்தினை வயது?”

“கணக்கில வயது சொல்லாட்டி வயது தேவையில்லைப் பிள்ளை.”

போதும். இடைவேளையில் வகுப்பைக் கூட்டினேன். சும்மா வா என்றால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் ஒரு முறை உண்டு. கச்சான் பிடுங்கி முடிந்த காணியில், மண்ணுக்குள் அறுந்து கிடப்பதைக் கிண்டிப் பொறுக்குவதற்கு யாரும் போகலாம். பொறுக்கியது பொறுக்கியவருக்கே சொந்தம். காணிக்காரர் அதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. அதைத்தான் தூண்டிலில் கொளுவினேன். முதலில் பிடுங்க வேண்டும், பிடுங்கி முடித்த அடுத்த நிமிடமே பொறுக்கலாம், வேறு எவருக்கும் முன்னால் நாங்கள்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். அவர்கள் அவ்வளவு வேகமாகத் தலையாட்டியதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

பின்னேரம் அப்பா தனியாகத் திரும்பி வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. விடை வந்த பிறகு செய்கையைக் காட்டலாம் என்று இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் எங்கள் வேலிப் படலையில் ஒரே இரைச்சல். இருபத்து மூன்று பேரும் வந்திருந்தார்கள். வீட்டில் விட்டுவிட்டு வர முடியாத தம்பி தங்கைகளும், யாரோ ஒருவரின் ஆட்டுக்குட்டியும் கூடவே வந்திருந்தன. அப்பாவின் பழைய முழுக்கைச் சேட்டைத் தன் சட்டைக்கு மேலே போட்டுக்கொண்டு காணிக்குள் இறங்கப் புறப்பட்ட அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

“என்னடி பிள்ளை இது? பள்ளிக்கூடம் இடம் மாறி வந்திட்டுதோ?”

அப்பா மண்வெட்டியோடு வந்தார். “ஆர் இவ்வளவு பேரையும் கூப்பிட்டது?”

நான் கணக்குக் கொப்பியை விரித்து நீட்டினேன். அதில் எல்லாம் முறையாக இருந்தது. தரவு, செய்கை, விடை, விடைக்குக் கீழே இரட்டைக் கோடு. அப்பா கொப்பியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். கிழக்குப் பக்கம் ஏற்கெனவே சாம்பல் நிறமாக இருந்தது.

“கணக்குச் சரிதான்” என்றார். “இறங்குங்கோ.”

அடுத்த ஒரு மணித்தியாலம் என் வாழ்க்கையில் பெருமை மிகுந்த மணித்தியாலம். இருபத்து நான்கு பேரும் வரிசைக்கு ஒருவராக நின்று பிடுங்கிக்கொண்டே போனோம். செடிகள் குவியல் குவியலாக விழுந்தன. இப்படியே போனால் அரை நாள்கூடத் தேவைப்படாது போலிருந்தது. நான் வரிசைகளை எண்ணி எண்ணி அப்பாவுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

அப்பா ஒரு குவியலில் இருந்து ஒரு செடியைத் தூக்கினார். வேரில் இரண்டு கச்சான் ஆடியது. இன்னொன்றைத் தூக்கினார். அதில் ஒன்றுமே இல்லை. குனிந்து, செடி நின்ற இடத்தை விரலால் கிண்டினார். அத்தனையும் மண்ணுக்குள் கிடந்தது.

என்ன நடந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் வகுப்பிலும் கணக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். செடியோடு வருவது எங்கள் வீட்டுச் சாக்குக்கு, மண்ணுக்குள் அறுந்து கிடப்பது பொறுக்குகிறவருக்கு. அப்படியானால் செடியை ஆறுதலாக அசைத்து இழுக்க அவர்களுக்கு என்ன பைத்தியமா? ஒவ்வொருவரும் செடியின் கழுத்தைப் பிடித்து ஒரு திருகு திருகி, வெறும் இலையையும் தண்டையும் குவித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். பொறுக்கும்போது தேடிப் பிடிக்க வசதியாகச் சிலர் தங்கள் வரிசைக்குச் சின்னத் தடி நட்டு அடையாளமும் வைத்திருந்தார்கள்.

மழை வந்தால் மண்ணுக்குள் இருப்பது எல்லாம் முளைத்துவிடும். கச்சானை மேலே எடுக்கக் கூப்பிட்ட ஆட்கள் அதைப் புதைத்துக்கொண்டு போகிறார்கள், கூப்பிட்டது நான். அப்பா நிமிர்ந்தார். அவரது முகம் வழக்கமான முகமாகவே இருந்தது. ஆனால் மண்வெட்டிப் பிடியை இறுக்கிய கை வெளிறியிருந்தது. உணர்வுக் கொப்பியில் “பயம்” என்ற பக்கத்துக்கு அப்பாவின் வசனமும் அந்தக் கணமே எனக்குக் கிடைத்தது. எழுதிக்கொள்ளத்தான் நேரமில்லை.

அந்த நேரம் பார்த்து என் வகுப்புப் பெடியன் ஒருவன் வேலியோரமாக மெல்ல நடந்து போனான். அவன் அண்ணனுடைய நீளக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். காலையில் அது தொளதொளவென்று இருந்தது. இப்போது இரண்டு காலும் உரல் மாதிரிப் பருத்திருந்தன. முழங்காலை மடக்காமல், வயல் வெருளிக்கு உயிர் வந்ததுபோல் அகட்டி அகட்டி நடந்தான்.

“தம்பி, காலில என்ன?” என்றார் அப்பா.

அவன் திடுக்கிட்டு நின்றான். “வீக்கம், மாமா.”

“எப்ப தொடக்கம்?”

அவன் உண்மையாகவே யோசித்தான். “இப்பத்தான், மாமா. அரை மணித்தியாலம் இருக்கும்.”

அவன் சொல்லி முடிக்கவில்லை, கணுக்காலில் கட்டியிருந்த கயிறு அறுந்தது. ஒரு காலிலிருந்து கச்சான் சலசலவென்று கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது. ஒரு கால் மெலிந்தும் மற்றக் கால் வீங்கியும் அவன் அசையாமல் நின்றான். “இந்தக் கால் சுகம், மாமா” என்றான். ஆட்டுக்குட்டி வந்து கொட்டியதைத் தின்னத் தொடங்கியது.

அப்பாவின் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அவருக்கு ஏதோ செய்துவிட்டது என்று நினைத்து நான் அவரிடம் ஓடினேன். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, வரம்பில் பொத்தென்று இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சத்தம் நிற்கவில்லை. வாய் முழுதாகத் திறந்திருந்தது. வலது பக்கம் கடைவாயில் ஒரு பல் இல்லை. அப்பா சிரித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

முதலில் பயந்து நின்ற பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சிரிக்கத் தொடங்கினார்கள். வீங்கின காலோடு நின்றவனும் சிரித்தான். காணி முழுக்கச் சிரிப்பாகிவிட்டது. அப்பா நிறுத்திவிட்டு அவனுடைய மற்றக் காலைப் பார்ப்பார், மறுபடி தொடங்கிவிடும். நான் சிரித்துச் சிரித்து மண்ணில் உருண்டேன். அப்படியொரு சந்தோசம் அதற்கு முன் எனக்கு நினைவில்லை.

அம்மா எல்லோருக்கும் ஒரு வாளியில் தேசிக்காய்த் தண்ணி கொண்டு வந்துகொண்டிருந்தார். பாதி வழியில் வாளியை வைத்துவிட்டு அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அந்தப் பழைய சேட்டின் கையால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்துகொண்டிருந்தது.

“ஏன் அம்மா அழுறியள்?”

“ஆர் அழுதது? கண்ணுக்க மண் விழுந்திட்டுது. நீ போய்ப் பிடுங்கு.”

அப்பா எழும்பி, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அவர் இப்போது பேசிய குரல் நான் கேட்டிராத குரல்.

“சரி, எல்லாரும் கேளுங்கோ. பொறுக்கிறது உங்கட முறை, நான் மறிக்கேல்லை. ஆனா அது பிறகில்லை, இப்பவே தொடங்குது. மண்ணுக்க இருந்து எடுக்கிறதில ரெண்டு பிடி சாக்குக்கு, ஒரு பிடி உங்களுக்கு. செடியோட வாறதிலயும் அப்பிடித்தான்.”

இதற்குப் பிறகு செடியைத் திருகுவதில் எவருக்கும் இலாபமில்லை. கீரி வளை தோண்டுவதுபோல் அவர்கள் மண்ணைக் கிண்டினார்கள். தம்பி தங்கைகளும் கிண்டின. திருகிய வரிசைகளுக்குத் திரும்பிப் போய், நட்டு வைத்த அடையாளத் தடிகளின் உதவியோடு ஒன்றும் மிச்சம் விடாமல் எடுத்தார்கள். அப்பா மண்வெட்டியால் மண்ணைப் பிரட்டிக்கொண்டு முன்னே போனார், நாங்கள் பின்னால் போனோம். இடைக்கிடை அவர், “வீக்கம் எப்பிடி, தம்பி?” என்று கேட்பார். “குறைஞ்சிட்டுது, மாமா” என்று எங்கிருந்தோ பதில் வரும், மறுபடி எல்லோரும் சிரிப்போம்.

அரை நாளில் முடியவில்லை. பின்னேரம் மூன்று மணி ஆகிவிட்டது. கணக்கில் வருகிறவர்கள் சாப்பிடுவதில்லை என்பதும், என் வகுப்பார் பிடுங்கியதில் ஒரு பங்கைப் பச்சையாகவே தின்றார்கள் என்பதும் விடையைப் பிழையாக்கிவிட்டன. கடைசிக் குவியலை விறாந்தைக்குக் கொண்டு வந்து, முகாமில் எங்களுக்குக் கூரையாக இருந்த தறப்பாளால் மூடும்போது முதல் துளி விழுந்தது. அடுத்த நிமிடம் வானம் கொட்டியது.

பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குள் நெருக்கியடித்து இருந்தோம். அம்மா ஒரு பெரிய பானையில் உப்புப் போட்டுக் கச்சான் அவித்தார். தகரக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. ஆனாலும் எல்லோரும் பேசினோம். மழை விட்டதும் அவரவர் பங்கைச் சட்டையிலும் பையிலும் கட்டிக்கொண்டு போனார்கள். வீங்கின காலோடு வந்தவன் இரண்டு காலையும் அப்பாவைக் கொண்டே நிரப்பி, கயிறும் அவரைக் கொண்டே கட்டுவித்துக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை ரீச்சர் கரும்பலகையில் “மகிழ்ச்சி” என்று எழுதினார். நான் பென்சிலைத் தீட்டக்கூட இல்லை. யார் என்ன செய்தார்கள், கை என்ன செய்தது, முகம் என்ன செய்தது, எல்லாம் என்னிடம் தயாராக இருந்தது. மளமளவென்று ஐந்து வசனம் எழுதினேன்.

மழைச் சத்தத்தில் ஒருவர் பேசியது ஒருவருக்கும் கேட்கவில்லை, ஆனாலும் எல்லோரும் பேசினார்கள். அவனுடைய ஒரு காலில் இருந்து கச்சான் கொட்டியது. அப்பா மண்வெட்டியைப் போட்டுவிட்டு வரம்பில் இருந்தார். அப்பாவுக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்று அன்றைக்குத்தான் கண்டேன். அம்மா வாளியை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டு சேட்டின் கையால் கண்ணைத் துடைத்தார்.

திரும்ப வாசித்தபோது கடைசி வசனம் இடித்தது. கண்ணைத் துடைப்பது துக்கத்தின் பக்கத்தில் வர வேண்டியது. கணக்கில் கிலோவையும் லீற்றரையும் கூட்டினால் பிழை என்பதுபோல இதுவும் பிழை. அழிறப்பரால் அந்த வரியைத் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பும் வரைக்கும் அழித்தேன். வீணாக்காமல் துக்கம் என்ற பக்கத்தில் எழுதி வைப்போம் என்று பக்கத்தைப் புரட்டினேன். அங்கேயும் அது பொருந்தவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு துக்கமும் நடக்கவில்லையே! எந்தப் பக்கத்துக்கும் சேராத அந்த வசனத்தை விட்டுவிட்டு, நாலு வசனத்தோடு கொப்பியைக் கொடுத்தேன். ஒரு புள்ளி போகும். போகட்டும்.

ரீச்சர் என் கொப்பியை மேசையில் வைத்து வாசித்தார். இரண்டாவது வசனத்தில் சிரித்தார். நாலாவதை முடித்ததும் மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிறகு அழித்த இடத்தை விரலால் தடவி, கொப்பியை யன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். நான் பென்சிலை எப்போதும் அழுத்தி எழுதுகிறவள். அவரது உதடு மெல்ல அசைந்தது. சிவப்புப் பேனையை எடுத்து வசனங்களின் ஓரத்தில் ஒவ்வொன்றாகச் சரி போட்டுக்கொண்டு வந்தார். கடைசியாக அந்த வெறும் வரிக்கு நேரேயும் ஒரு சரி போட்டார். மற்றவற்றைவிட அது பெரிதாக இருந்தது. கீழே ஐந்துக்கு ஐந்து என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

“ரீச்சர், நான் நாலு வசனந்தானே எழுதினனான்?”

“ஓம்” என்றார் ரீச்சர். “போய் இருங்கோ.”

நான் வாங்கில் வந்து இருந்து சரிகளை மூன்று முறை எண்ணினேன். வசனம் நாலு, சரி ஐந்து. யாழ்ப்பாணத்தில் அவ்வளவு படித்து வந்தவர், நாலுவரை எண்ணுவதில் பிழை விடுகிறார், பாவம் என்று நினைத்தேன். ஆனாலும் நல்ல ரீச்சர், அவரைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் எட்டிப் பார்ப்பதற்கு முன் கொப்பியை மூடி, பைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.